ஜப்பானில் எதைப் பார்ப்பது? ஒரு சுற்றுலாப் பட்டியலுக்குள் இருக்கும் அரசியல்

2024 ஆம் ஆண்டில் ஜப்பானுக்குச் சென்ற வெளிநாட்டவர்களின் எண்ணிக்கை 3 கோடியே 68 இலட்சத்தைத் தாண்டியது. அதற்கு முந்திய உச்சம், கொரோனாவுக்கு முன்னர் 2019 இல் பதிவான ஏறத்தாழ 3 கோடியே 19 இலட்சம். யென் நாணயத்தின் வீழ்ச்சி இதற்கு முக்கிய காரணம். 2021 இன் தொடக்கத்தில் ஓர் அமெரிக்க டொலருக்கு 105 யென் அளவில் கிடைத்தது. 2024 இல் அது 150 ஐக் கடந்தது. ஒரு காலத்தில் பணக்காரர்கள் மட்டும் போகக்கூடிய நாடு என்று நாங்கள் நினைத்திருந்த ஜப்பான், இன்று ரொறன்ரோவிலோ சூரிச்சிலோ இரண்டு சம்பளத்தில் வாழும் ஒரு குடும்பத்துக்குக் கட்டுப்படியாகும் இடமாகிவிட்டது.

அந்தக் கூட்டத்துக்குள் எங்கள் ஆட்களும் இருக்கிறார்கள். முன்பெல்லாம் கோடை விடுமுறை என்றால் ஊர்த் திருவிழா, அல்லது தமிழ்நாட்டுக் கோயில்கள். இப்போது பிள்ளைகள் ஜப்பானியக் கார்ட்டூன் பார்த்து வளர்ந்தவர்கள். அவர்கள் கேட்பது ஜப்பான். பெற்றோரும் சரி என்கிறார்கள். பிறகு பட்டியல் போடத் தொடங்குகிறார்கள். அந்தப் பட்டியல் யாரிடம் இருந்து வந்தாலும் ஏறக்குறைய ஒன்றுதான்: டோக்கியோ, பூஜி மலை தெரியும் ஹகோனெ, காமகுராவின் பெரிய புத்தர், கியோட்டோ, நாராவின் மான்கள், ஒசாக்கா. நேரம் இருந்தால் ஹிரோஷிமா, ஒரு பகல் மட்டும்.

இந்தப் பட்டியலைக் குறைசொல்ல வரவில்லை. செர்ரி பூக்கும் ஏப்ரலில் கியோட்டோவைப் பார்க்க விரும்புவதில் என்ன பிழை? ஆனால், யுத்தம் கண்ட ஒரு சமூகத்திலிருந்து போகிறவர்களுக்கு இந்தப் பட்டியலில் உள்ள இடங்கள் சொல்லாமல் விடும் கதைகள் உண்டு. பட்டியலில் இல்லாத இடங்கள் சொல்லும் கதைகளும் உண்டு. ஓர் இடத்தைத் தெரிவு செய்யும்போது அங்கே என்ன இருக்கிறது என்று பார்க்கிறோம். அதை யார் காப்பாற்றி வைத்தார்கள், எதை அழித்துவிட்டுக் காப்பாற்றினார்கள் என்று பார்ப்பதில்லை. என்னைக் கேட்டால், அந்தக் கேள்விகளை வைத்தே ஒரு பயணத்தைத் திட்டமிடலாம் என்பேன்.

முதலில் ஒரு நடைமுறை விடயம். கனடா, பிரித்தானியா, பிரான்ஸ், சுவிஸ், அவுஸ்திரேலியக் கடவுச்சீட்டுகளுக்குச் சுற்றுலாவுக்கு முன்கூட்டிய விசா தேவையில்லை. இலங்கைக் கடவுச்சீட்டுக்குத் தேவை. வங்கிக் கணக்கு விபரம், அழைப்பவரின் கடிதம் ஆகியவற்றோடு, எந்த நாளில் எங்கே தங்குவோம் என்ற அட்டவணையும் கொடுக்க வேண்டும். ஆகவே யாழ்ப்பாணத்தில் இருக்கும் அம்மாவையும் கூட்டிக்கொண்டு போக நினைக்கும் பிள்ளைகள், நாளாந்த நிகழ்ச்சி நிரலைப் பயணத்துக்குப் பல வாரங்களுக்கு முன்னரே எழுதிக்கொடுத்தாக வேண்டும். எங்களில் ஒரு பகுதியினருக்கு இந்தப் பட்டியல் ஒரு சட்ட ஆவணம். எனவே யோசித்து எழுதுவது நல்லது.

வழக்கமான பட்டியலிலேயே இருக்கும் ஹகோனெயில் தொடங்குவோம். டோக்கியோவிலிருந்து ஒன்றரை மணித்தியாலத்தில் போய்விடலாம். வெந்நீர் ஊற்றுகள், கந்தகப் புகை எழும் ஒவாக்குதானிப் பள்ளத்தாக்கு, ஆஷி ஏரி, வானம் தெளிந்தால் பூஜி. இதே ஹகோனெயில்தான் 2003 மார்ச் 18 முதல் 21 வரை இலங்கை அரசாங்கத்துக்கும் விடுதலைப் புலிகளுக்கும் இடையிலான ஆறாம் சுற்றுப் பேச்சு நடந்தது. தாய்லாந்தின் சத்தஹிப்பில் தொடங்கி, நக்கோன் பத்தோம், ஒஸ்லோ, பேர்லின் என்று நகர்ந்த அந்தத் தொடரின் கடைசிச் சுற்று அது. அந்த நாட்களில்தான் ஈராக் யுத்தமும் தொடங்கியது. உலகத்தின் கண் அங்கே போய்விட்டது. ஒரு மாதம் கழித்து, ஏப்ரல் 21 இல், புலிகள் பேச்சிலிருந்து தற்காலிகமாக விலகுவதாக அறிவித்தார்கள். பிறகு அந்தத் தொடர் மீளவில்லை. ஜூன் மாதம் டோக்கியோவில் நடந்த உதவி வழங்கும் நாடுகளின் மாநாட்டில் 450 கோடி டொலர் வாக்குறுதி அளிக்கப்பட்டபோது புலிகளின் ஆசனம் வெறுமையாக இருந்தது.

ஜப்பான் எங்கள் விடயத்தில் வெறும் பார்வையாளர் அல்ல. அன்று இலங்கைக்கு அதிகம் உதவி வழங்கிய நாடும், யசூஷி அகாஷியைச் சிறப்புத் தூதுவராக நியமித்த நாடும் அதுதான். 2021 மார்ச்சில், சாட்சியங்களைச் சேகரித்துப் பாதுகாப்பதற்கான பொறிமுறையை உருவாக்கிய ஜெனிவாத் தீர்மானம் வாக்கெடுப்புக்கு வந்தபோது, ஆதரவும் இல்லாமல் எதிர்ப்பும் இல்லாமல் ஒதுங்கி நின்ற நாடுகளில் ஜப்பானும் ஒன்று. ஆஷி ஏரியில் படகு ஏறும்போது இதையெல்லாம் பிள்ளைகளுக்குப் பாடம் எடுக்கத் தேவையில்லை. ஆனால் 20 வயதைக் கடந்த ஒரு பிள்ளைக்கு, தான் பிறந்த காலத்தில் தன் பெற்றோரின் நாட்டைப் பற்றிய பேச்சு இந்த மலைகளுக்கு நடுவேதான் நின்றுபோனது என்று ஒருவர் சொல்லத்தான் வேண்டும்.

காமகுரா இன்னும் சிக்கலானது. கோத்தோக்குயின் விகாரையில் உள்ள வெண்கலப் புத்தர் 13 ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தவர். 11 மீற்றருக்கு மேல் உயரம். அவரைச் சுற்றி ஒரு காலத்தில் மண்டபம் இருந்தது. இயற்கை அழிவுகளில் அது போய்விட, பல நூற்றாண்டுகளாக வெட்ட வெளியில் அமர்ந்திருக்கிறார். அழகான சிலை என்பதில் ஐயமில்லை. அதே வளாகத்தில் ஜே.ஆர். ஜெயவர்த்தனாவுக்கு ஒரு நினைவுக்கல் இருக்கிறது. 1991 இல் நிறுவப்பட்டது. 1951 செப்டெம்பரில் சான் பிரான்சிஸ்கோ சமாதான மாநாட்டில், இலங்கையின் நிதியமைச்சராக இருந்த அவர், புத்தரின் போதனையை எடுத்துக்காட்டி, ஜப்பானிடம் இலங்கை நட்டஈடு கேட்காது என்றார். கொழும்பும் திருகோணமலையும் ஜப்பானிய விமானங்களின் குண்டுவீச்சுக்கு உள்ளாகி அப்போது 9 ஆண்டுகள்தான் ஆகியிருந்தன. தோற்ற நாட்டுக்கு அந்தப் பேச்சு பெரும் ஆறுதல். ஜப்பானியர் அதை மறக்கவில்லை. அவர்கள் வைத்த கல்லில் பொய் எதுவும் இல்லை.

ஆனால் 1981 இல் யாழ் நூலகம் எரிந்தபோதும், 1983 ஜூலையிலும் நாட்டின் ஜனாதிபதி அதே மனிதர்தான். ஒரு மனிதரைப் பற்றி இரண்டு மக்களிடம் இரண்டு நினைவு இருக்கிறது. ஒன்று கல்லில் இருக்கிறது. மற்றது எங்கள் வீடுகளில் இருக்கிறது. காமகுராவுக்குப் போகும் தமிழர்கள் அந்தக் கல்லைக் கடந்து போய்விடாமல் ஒரு நிமிடம் நின்று பார்க்க வேண்டும் என்று நினைக்கிறேன். கோபப்படுவதற்கு அல்ல. வெளிநாடுகள் எங்கள் தலைவர்களை எந்தக் கண்ணால் பார்த்தன என்பது விளங்குவதற்கு.

டோக்கியோவில் ஒரே ஓர் இடம் சொல்கிறேன். யசுகுனி ஆலயத்தை அடுத்துள்ள யூஷூகான் யுத்த அருங்காட்சியகம். 14 பிரதான போர்க் குற்றவாளிகளின் பெயர்களை 1978 இல் சேர்த்துக்கொண்ட ஆலயம் அது. அருங்காட்சியகத்தின் முன்மண்டபத்தில் பளபளவென்று துடைத்து வைத்த ஒரு நீராவி இயந்திரம் நிற்கும். சயாம்–பர்மா புகையிரதப் பாதையில் ஓடிய இயந்திரம். 415 கிலோமீற்றர் நீளமான அந்தப் பாதையை அமைப்பதில் 12,000 இற்கு மேற்பட்ட நேச நாட்டுப் போர்க் கைதிகளும், அதைவிடப் பல மடங்கு ஆசியத் தொழிலாளர்களும் இறந்தார்கள். மலாயா இறப்பர்த் தோட்டங்களிலிருந்து கொண்டுபோகப்பட்ட தமிழர்கள் அதில் பெருந்தொகை. போர்க் கைதிகளுக்கு மயானங்கள் உண்டு, பெயர் உண்டு, திரைப்படமும் உண்டு. தோட்டத் தமிழருக்கு எத்தனை பேர் என்ற உறுதியான கணக்கே கிடையாது. அந்த இயந்திரத்தின் முன் நின்று படம் எடுக்கும் கூட்டத்தில் ஒரு தமிழ்க் குடும்பமும் நின்றால், அவர்களுக்காவது அது என்னவென்று தெரிந்திருக்க வேண்டும்.

கியோட்டோவைப் பற்றி அதிகம் எழுதத் தேவையில்லை. எல்லோரும் எழுதிவிட்டார்கள். கூட்டம் தாங்காமல் கியோன் பகுதியின் தனியார் ஒழுங்கைகளுக்குள் வெளியார் நுழைய 2024 இல் தடை வந்தது. பூஜி மலையில் 2024 இல் கட்டணமும் நாளாந்த உச்ச எண்ணிக்கையும் அறிமுகமாயின. 2025 இல் கட்டணம் 4,000 யென் ஆனது. ஆனால் கியோட்டோவின் அழகுக்குப் பின்னால் ஒரு விடயம் இருக்கிறது. 1945 மே மாதம் அமெரிக்கா அணுகுண்டுக்காகத் தயாரித்த பட்டியலில் கியோட்டோவும் இருந்தது. அந்த நகரத்தை முன்பே நேரில் பார்த்திருந்த யுத்தச் செயலர் ஹென்றி ஸ்ரிம்சன் அதை நீக்கச் சொன்னார். ஜூலையில் நாகசாகி பட்டியலுக்குள் வந்தது. ஒருவர் ரசித்த நகரம் தப்பியது. கியோட்டோவில் நீங்கள் நடக்கும் கல் பாதைகள் அப்படி எஞ்சியவை.

ஹிரோஷிமாவுக்கு ஒரு பகல் போதாது என்பது என் கருத்து. அங்கே இரவு தங்க வேண்டும். எல்லோரும் படம் எடுக்கும் குவிமாடக் கட்டடம் 1915 இல் செக் நாட்டுக் கட்டடக் கலைஞர் ஒருவர் வரைந்த கண்காட்சி மண்டபம். அது அப்படியே நிற்பதைப் பார்க்கும்போது, குண்டு விழுந்த மறுநாளே அதைக் காப்பாற்ற முடிவு செய்தார்கள் என்று தோன்றும். உண்மை வேறு. ஏறத்தாழ 20 ஆண்டுகள் இழுபறி நடந்தது. பார்க்கும் ஒவ்வொரு முறையும் நெஞ்சு பதறுகிறது, இடித்துவிடுங்கள் என்று உயிர் தப்பியவர்களிலேயே பலர் கேட்டார்கள். நகரசபை பணமில்லை என்றது. குழந்தையாக இருந்தபோது கதிர்வீச்சுக்கு உள்ளாகி, 1960 இல் இரத்தப் புற்றுநோயால் இறந்த ஒரு பாடசாலை மாணவியின் நாட்குறிப்பு வெளியே வந்த பிறகு, பிள்ளைகள் கையெழுத்துச் சேர்க்கத் தொடங்கினார்கள். 1966 இல் நகரசபை நிரந்தரமாகக் காப்பதென்று தீர்மானித்தது. செலவுக்கு மக்களிடம் பணம் சேர்த்தார்கள். 1996 இல் யுனெஸ்கோ அதை உலக மரபுரிமையாக ஏற்றபோது அமெரிக்காவும் சீனாவும் அந்த முடிவிலிருந்து தங்களை விலக்கிக்கொண்டன. காரணங்கள் வேறு வேறு. ஹிரோஷிமா ஓர் இராணுவ நகரமும்தான்; சீனாவுக்குப் படைகள் கப்பல் ஏறிய ஊஜினாத் துறைமுகம் அங்கேதான் இருக்கிறது. சீனாவின் மனத்தாங்கலை அதை வைத்தே விளங்கிக்கொள்ளலாம்.

அருங்காட்சியகத்தில் ஒரு முச்சக்கரச் சைக்கிள் இருக்கிறது. நான்கு வயதும் நிரம்பாத ஒரு பையன் அன்று காலை அதை ஓட்டிக்கொண்டிருந்தான். இரவே இறந்துவிட்டான். தனியாக எங்கோ புதைக்க மனமில்லாத தகப்பன், பிள்ளையைச் சைக்கிளோடு சேர்த்து வீட்டு முற்றத்திலேயே புதைத்தார். 40 ஆண்டுகள் கழித்து, 1985 இல், பிள்ளையின் எலும்புகளை எடுத்துக் குடும்பக் கல்லறையில் வைத்துவிட்டுச் சைக்கிளை அருங்காட்சியகத்துக்குக் கொடுத்தார். முற்றத்தில் புதைத்துவிட்டு இடம்பெயர்ந்த எங்கள் ஆட்களுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவைப்படாது. வயது போனவர்களைக் கூட்டிக்கொண்டு போகிறவர்கள் இதையும் யோசிக்க வேண்டும். 2009 ஐக் கடந்து வந்த ஓர் அம்மாவை அந்த இருட்டான மண்டபத்துக்குள் கட்டாயப்படுத்திக் கூட்டிப் போகாதீர்கள். அவர் வெளியே ஆற்றங்கரையில் இருக்க விரும்பினால் இருக்கட்டும்.

பூங்காவுக்குள் கொரிய நினைவுச் சின்னம் எங்கே இருக்கிறது என்று கேட்டுப் பாருங்கள். குண்டில் இறந்தவர்களில் ஆயிரக்கணக்கான கொரியர்களும் இருந்தார்கள். அப்போது கொரியா ஜப்பானின் குடியேற்ற நாடு. 1970 இல் அவர்களுக்குச் சின்னம் எழுந்தபோது பூங்காவுக்கு வெளியேதான் இடம் கிடைத்தது. உள்ளே வருவதற்கு 1999 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. பாதிக்கப்பட்டவர்களின் நினைவிடத்திலும் ஒரு வெளிவட்டம் இருந்தது என்பதை இது காட்டுகிறது. மறுநாள் காலையில் மியாஜிமாத் தீவுக்குப் போங்கள். கடலுக்குள் நிற்கும் செந்நிறத் தோரணவாயில் வற்று நேரத்தில் நடந்து தொடக்கூடியது, பெருக்கில் மிதப்பது போல் தெரிவது. கடல் நேர அட்டவணையைப் பார்த்துப் போனால் இரண்டையும் காணலாம். தீவுக்குள் போக 100 யென் வரி.

நாகசாகியில் ஒகினாவாவுக்கும் ஹிரோஷிமாவுக்கும் இல்லாத ஒரு தொடர்பு எங்களுக்கு உண்டு. முத்துக்குளித்துறையில் பரதவர் மத்தியில் பணியாற்றி, மன்னாருக்குக் குருவை அனுப்பிய அதே பிரான்சிஸ் சவேரியார்தான் 1549 இல் ஜப்பானின் ககோஷிமாவில் வந்திறங்கினார். 1544 இல் மன்னாரில் புதிதாக ஞானஸ்நானம் பெற்றவர்களைக் கொன்றது யாழ்ப்பாண மன்னன் சங்கிலி. 1597 இல் நாகசாகியில் 26 பேரைச் சிலுவையில் ஏற்றியது ஹிதேயொஷியின் ஆட்சி. பிறகு இரண்டரை நூற்றாண்டு ஒளிந்திருந்து விசுவாசத்தைக் காத்த ஜப்பானியக் கிறிஸ்தவர்களின் ஊர்தான் உராக்காமி. அணுகுண்டு அந்த ஊரின் மேல்தான் வெடித்தது. பங்கின் 12,000 பேரில் சுமார் 8,500 பேர் இறந்தார்கள். இடிந்த பேராலயத்தை ஹிரோஷிமாவின் குவிமாடம் போல வைத்திருக்கலாம் என்று நகரத்தில் பலர் விரும்பினார்கள். 1958 இல் அது இடித்து அகற்றப்பட்டு, அதே இடத்தில் புதிய பேராலயம் எழுந்தது. ஒரு சுவர்த்துண்டைத்தான் இன்று குண்டு விழுந்த இடத்துப் பூங்காவில் பார்க்கலாம். ஹிரோஷிமாவை உலகம் அறிந்த அளவுக்கு நாகசாகியை அறியாததற்கு இதுவும் ஒரு காரணம் என்பேன்.

அதே துறைமுகத்திலிருந்து ஹஷிமாத் தீவுக்குப் படகு போகிறது. நிலக்கரிச் சுரங்கத்துக்காக எழுந்த கொங்கிறீற் நகரம். 1974 இல் கைவிடப்பட்டது. படம் எடுக்க அதைவிடச் சிறந்த இடம் கிடையாது. 2015 இல் உலக மரபுரிமைப் பட்டியலுக்குள் வந்தபோது, யுத்த காலத்தில் கொரியர்களும் மற்றவர்களும் தங்கள் விருப்பத்துக்கு மாறாகக் கொண்டுவரப்பட்டு வேலை வாங்கப்பட்டதை விளக்குவோம் என்று ஜப்பான் யுனெஸ்கோவிடம் உறுதியளித்தது. 2020 இல் டோக்கியோவில் திறந்த தகவல் நிலையம், தீவில் பாகுபாடு இருக்கவில்லை என்ற பழைய குடியிருப்பாளர்களின் கூற்றுகளுக்கு முன்னிடம் கொடுத்தது. 2021 இல் உலக மரபுரிமைக் குழு கடும் வருத்தம் தெரிவித்தது. 2025 இல் தென்கொரியா விடயத்தை மீண்டும் குழுவின் முன் கொண்டுவர முயன்று வாக்கெடுப்பில் தோற்றது. சர்வதேச மன்றத்தில் ஓர் அரசு வாக்குறுதி கொடுப்பதும், பிறகு அது எப்படிக் கரைந்துபோகிறது என்பதும் எங்களுக்குப் புதிய பாடம் அல்ல. ஹஷிமாவுக்குப் போக வேண்டாம் என்று சொல்லமாட்டேன். போவதற்கு முன் இவ்வளவையும் வாசித்துவிட்டுப் போங்கள்.

இனி ஒகினாவா. பெரும்பாலான பட்டியல்களில் இது இல்லை. இருந்தாலும் கடற்கரைக்காக இருக்கும். நீலக் கடல், பவளப்பாறை, பெரிய மீன்காட்சியகம். ஒகினாவா 1879 வரை றியூக்கியூ என்ற தனி இராச்சியம். தனி மொழி, தனி அரசவை, சீனாவோடும் தென்கிழக்காசியாவோடும் தனி வணிகம். ஜப்பான் அதை இணைத்துக்கொண்ட பிறகு, பாடசாலையில் சொந்த மொழி பேசிய பிள்ளையின் கழுத்தில் தண்டனைப் பலகை தொங்கவிட்டார்கள். 1945 ஏப்ரல் 1 இல் அமெரிக்கப் படை பிரதான தீவில் இறங்கியது. ஜூன் வரை நடந்த சண்டையில் ஒகினாவா மக்களில் நான்கில் ஒருவர் இறந்தார். தலைநில ஜப்பானைத் தாக்குவதைத் தாமதப்படுத்துவதற்காக இத்தீவு களமாக்கப்பட்டது என்று ஒகினாவா மக்கள் இன்றும் சொல்கிறார்கள்.

தீவின் தென்முனையில், கடலை நோக்கிய குன்றில், 1995 இல் திறந்த 'அமைதியின் அடித்தளக்கல்' இருக்கிறது. கறுப்புக் கற்பாளங்களில் 2 இலட்சத்து 40 ஆயிரத்துக்கும் மேற்பட்ட பெயர்கள். ஒகினாவா மக்கள், ஜப்பானியப் படையினர், 14,000 இற்கு மேற்பட்ட அமெரிக்கர்கள், கொரியர், தாய்வானியர். ஒகினாவாவினரின் பெயர்கள் ஊர் ஊராக, குடும்பம் குடும்பமாக இருக்கும். சில இடங்களில் பெயர் இல்லை. 'இன்னாரின் பிள்ளை' என்று மட்டும் எழுதியிருக்கும். குடும்பத்தில் எவரும் மிஞ்சாததால், அல்லது பெயர் வைக்கும் முன்னரே இறந்ததால், அயலவர் சொன்னதை வைத்துப் பொறித்தவை. ஊர் ஊராகப் போய்க் கணக்கெடுத்துத்தான் இது சாத்தியமானது. இன்றும் ஒவ்வோர் ஆண்டும் ஜூனில் புதிய பெயர்கள் சேர்கின்றன. 2009 இல் எங்கள் மண்ணில் இறந்தவர்களின் எண்ணிக்கையையே நாங்கள் வாதத்துக்குரிய இலக்கமாக வைத்திருக்கும்போது, இந்தக் குன்றில் நின்று பார்ப்பது வெறும் சுற்றுலாவாக இருக்காது.

அந்தக் கல்லை நான் முழுமனதோடு புகழவில்லை. தற்கொலை செய்துகொண்ட ஜப்பானியத் தளபதியின் பெயரும், அவரது படையினரால் ஒற்றர் என்று கொல்லப்பட்ட கிராமவாசியின் பெயரும் ஒரே வளாகத்தில் இருக்கின்றன. எல்லோரையும் ஒன்றாக எழுதும்போது பொறுப்பு எங்கே போகிறது என்று ஒகினாவாவிலேயே கேட்கிறார்கள். தங்கள் உறவினரின் பெயர் அங்கே வேண்டாம் என்று மறுத்த கொரியக் குடும்பங்களும் உண்டு. ஆனாலும், பெயர் இருந்தால்தான் இந்த விவாதமே நடக்கும். எங்களிடம் தூபிக்கே உத்தரவாதம் இல்லை. யாழ் பல்கலைக்கழகத்துக்குள் இருந்த முள்ளிவாய்க்கால் தூபியை 2021 ஜனவரியில் ஓர் இரவில் இடித்ததை நாங்கள் பார்த்தவர்கள்.

கல்லிலிருந்து சற்றுத் தூரத்தில் ஹிமெயூரி அருங்காட்சியகம். இராணுவ வைத்தியசாலைக்குப் பணிக்கு எடுக்கப்பட்ட 222 மாணவிகளும் 18 ஆசிரியர்களும். அவர்களில் 136 பேர் இறந்தார்கள். 1989 இல் இதைத் திறந்தவர்கள் உயிர் தப்பிய மாணவிகளே. அரசின் அருங்காட்சியகம் அல்ல. 2025 மே மாதம் ஆளுங்கட்சியின் மேலவை உறுப்பினர் ஒருவர் இந்தக் காட்சிப்படுத்தல் வரலாற்றைத் திரிக்கிறது என்று பேசி, எதிர்ப்பு எழுந்ததும் மன்னிப்புக் கேட்டார். 2007 இல் பாடநூல்களிலிருந்து, மக்கள் கூட்டாகத் தற்கொலை செய்ததில் இராணுவத்துக்கு இருந்த பங்கை நீக்கக் கல்வி அமைச்சு முயன்றபோது ஒகினாவாவில் திரண்ட கூட்டம் 1,10,000 என்று ஏற்பாட்டாளர்கள் கூறினார்கள்.

யொமித்தான் கிராமத்தில் அருகருகே இரண்டு குகைகள் இருக்கின்றன. சிபிச்சிரி குகையில் ஒளிந்திருந்த சுமார் 140 பேரில் 80 இற்கு மேற்பட்டோர், அமெரிக்கர் கையில் அகப்பட்டால் சித்திரவதை என்று நம்பவைக்கப்பட்டு, ஒருவரை ஒருவர் கொன்றும் தம்மைத் தாமே கொன்றும் இறந்தார்கள். பெரும்பாலும் பிள்ளைகள். ஷிமுக்கு குகையில் ஏறத்தாழ 1,000 பேர். அவர்களுக்குள் ஹவாயில் வேலை செய்துவிட்டுத் திரும்பிய இருவர் இருந்தார்கள். அமெரிக்கர் சரணடைபவர்களைக் கொல்லமாட்டார்கள் என்று அவர்கள் சனத்தைச் சமாதானப்படுத்தி, முதலில் வெளியே போய்ப் பேசினார்கள். அத்தனை பேரும் பிழைத்தார்கள். சிபிச்சிரிக்குள் போகக்கூடாது, உறவினர் கேட்டுக்கொண்டபடி அது புதைகுழியாகவே இருக்கிறது. வெளியில் நின்று திரும்பிவிடுங்கள். பங்கருக்குள் இருந்து வெளியே வருவதா விடுவதா என்று முடிவெடுத்த ஒரு தலைமுறை எங்களிடம் இன்னும் உயிரோடு இருக்கிறது. யாரிடமிருந்து எந்தச் செய்தி வந்தது என்பதில் எத்தனை உயிர் தொங்கியது என்று அவர்களுக்குத் தெரியும்.

ஒகினாவாவின் யுத்தம் முடிந்தபாடில்லை. ஜப்பானின் நிலப்பரப்பில் 0.6 சதவீதம் உள்ள இடத்தில், நாட்டிலுள்ள அமெரிக்கப் படைத்தளங்களின் பரப்பில் சுமார் 70 சதவீதம் இருக்கிறது. ஹெனோக்கோவில் கடலை நிரப்பிப் புதிய தளம் அமைக்கும் வேலைக்குத் தென் ஒகினாவாவின் மண்ணையும் எடுக்கலாம் என்று திட்டம் வந்தபோது, அந்த மண்ணில் இன்னும் எடுக்கப்படாத எலும்புகள் இருக்கின்றன என்று, பல ஆண்டுகளாக எச்சங்களைத் தேடிவரும் ஒருவர் 2021 இல் உண்ணாவிரதம் இருந்தார். 2019 இல் எரிந்த ஷூரிக் கோட்டையின் பிரதான மண்டபத்தை 2026 இல் முடிப்பதாகத் திட்டமிட்டுக் கட்டத் தொடங்கினார்கள். அக்கோட்டைக்குக் கீழேதான் இராணுவத் தலைமையகச் சுரங்கம் இருந்தது. அதற்கான அறிவிப்புப் பலகையிலிருந்து, படையினர் பொதுமக்களைக் கொன்றது பற்றிய வரியும், பாலியல் அடிமைகளாக வைக்கப்பட்ட பெண்கள் பற்றிய வரியும் 2012 இல் நீக்கப்பட்டன.

வடகிழக்கே சன்ரிகுக் கரை. யுத்தத்தோடு தொடர்பில்லாத ஓர் இடமும் வேண்டும் என்பதால் சொல்கிறேன், ஆனால் சுனாமி பார்த்த முல்லைத்தீவுக்கும் வடமராட்சி கிழக்குக்கும் இது தூரமான கதை அல்ல. ஹச்சினோஹேயிலிருந்து சோமா வரை கரையோரமாக 1,000 கிலோமீற்றருக்கு மேல் நடைபாதை ஒன்றை 2019 இல் முழுமையாக்கினார்கள். ஒரு நாள் நடந்தாலும் போதும். பாறை முகடுகளும் பைன் காடும் கடலும் மாறி மாறி வரும். மியாக்கோவை அடுத்த அனெயொஷிக் கிராமத்தில், இதற்குக் கீழே வீடு கட்டாதீர்கள் என்று 1933 சுனாமிக்குப் பின் நட்ட கல் ஒன்று உண்டு. ஊரவர் அதன்படி நடந்தார்கள். 2011 இல் அலை கல்லுக்குக் கீழேயே நின்றது. தெற்கே இஷினோமாக்கியில் ஒகாவா ஆரம்பப் பாடசாலையில் அப்படி நடக்கவில்லை. பின்னால் குன்று இருந்தும், சுமார் 50 நிமிடம் முற்றத்தில் நிறுத்திவைக்கப்பட்ட பிள்ளைகளில் 74 பேரும் ஆசிரியர், ஊழியர் 10 பேரும் இறந்தார்கள். கட்டடத்தை இடிப்பதா வைப்பதா என்று பெற்றோருக்குள்ளேயே பிரிவு. வைத்திருக்கிறார்கள். வழக்குப் போட்ட பெற்றோருக்கு 2019 இல் உச்ச நீதிமன்றம் வரை வெற்றி. அரசாங்க நிறுவனம் ஒன்று பிழைவிட்டது என்று நீதிமன்றமே சொன்னது.

12 நாள் இருப்பவர்களுக்கு என் கணக்கு இது. டோக்கியோவுக்கு மூன்று இரவு. காமகுராவை அதற்குள் ஒரு பகலில் முடிக்கலாம். ஹகோனெ ஒன்று, கியோட்டோ இரண்டு, ஹிரோஷிமா இரண்டு. பிறகு ஒகினாவாவுக்கு விமானம், மூன்று இரவு. நாகசாகியும் சன்ரிகுவும் சேர வேண்டுமென்றால் இன்னும் ஐந்து நாள் வேண்டும், அல்லது கியோட்டோவைக் குறைக்க வேண்டும். ஒசாக்காவை நான் சேர்க்கவில்லை; பிள்ளைகள் கோபித்தால் கேளிக்கைப் பூங்காவுக்கு ஒரு நாள் கொடுத்துவிடுங்கள், அவர்களுக்கும் விடுமுறைதானே. ஒகினாவாவில் மே நடுப்பகுதி முதல் ஜூன் பிற்பகுதி வரை மழைக்காலம், அதன்பின் சூறாவளிக்காலம். ஆனாலும் ஜூன் 23 அவர்களுடைய நினைவு நாள். அன்று குடும்பங்கள் பூவும் தண்ணீர்ப் போத்தலும் சாப்பாடும் கொண்டுவந்து பெயர்களின் கீழே வைத்து, கல்லைத் தண்ணீரால் கழுவிக்கொண்டிருப்பார்கள். போகிறவர்கள் குடையை மறக்க வேண்டாம்.